கம்பி இறக்கிய கைகள்: கடல் நீரோட்டத்தை அளந்தவர்கள் யார்?

கடல் ஆய்வுக் கப்பலின் படம் செய்தித்தாளில் வரும்போது கவனித்துப் பாருங்கள். மேல்தளத்தில் ஒரு வின்ச், அதிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பி, வரிசையாக மஞ்சள் மிதவைகள், தலைக்கவசம் அணிந்த நான்கைந்து பேர். படத்துக்குக் கீழே விஞ்ஞானியின் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்கும், கப்பலின் பெயர்கூட இருக்கும். கம்பியைப் பிடித்திருப்பவரின் பெயர் மட்டும் இருக்காது.

அந்தப் பெயரில்லாதவர்களின் வரலாற்றைத்தான் இங்கே பேச நினைக்கிறோம். இது கடல் பற்றிய கட்டுரை, சாதி பற்றிய கட்டுரையும்கூட. கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, தலையால் செய்யும் வேலை உயர்ந்தது என்ற பிரிவினை நம் சமூகத்தின் அடித்தளம். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிக்கட்டாகப் பிரிப்பது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அறிவியல் துறைக்குள் அந்தப் படிக்கட்டு எப்படி நுழைகிறது என்பதைப் பார்க்க, கடல் நீரோட்டத்தை அளக்கும் தொழில் ஒரு நல்ல சாளரம்.

மீனவர் சொன்னதைக் கேட்காத கப்பல் தலைவர்கள்

1760களின் இறுதியில் அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறைப் பொறுப்பில் இருந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் அஞ்சல் கப்பல்கள், சாதாரண வணிகக் கப்பல்களைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் தாமதமாக வருகின்றன என்று ஒரு புகார் வந்தது. அவர் தன் உறவினரான திமோதி ஃபோல்கரிடம் காரணம் கேட்டார். ஃபோல்கர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவர். திமிங்கில வேட்டையை நேரில் அறிந்தவர்.

ஃபோல்கருக்குப் பதில் தெரிந்திருந்தது. அட்லாண்டிக் கடலுக்குள் ஓர் ஆறு போல ஓடும் வலுவான நீரோட்டம் இருக்கிறது. திமிங்கிலங்கள் அதன் ஓரங்களில்தான் மேயும். அவற்றைத் துரத்துகிற வேட்டைக்காரர்களுக்கு அதன் விளிம்பு எங்கே, வேகம் எவ்வளவு என்று அத்துப்படி. அஞ்சல் கப்பல்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து வருவதை அவர்கள் நடுக்கடலில் பார்த்து, விலகிப் போகும்படி சொல்லியும் இருக்கிறார்கள். எளிய மீன்பிடிக்காரர்களின் அறிவுரை தங்களுக்கு வேண்டியதில்லை என்று அந்தத் தலைவர்கள் தட்டிக்கழித்தார்கள். ஃபோல்கர் வரைந்து கொடுத்த படத்தை பிராங்க்ளின் அச்சிட்டார். இன்று உலகம் அதை பிராங்க்ளினின் வளைகுடா நீரோட்டப் படம் என்கிறது.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. நான்டக்கெட் திமிங்கிலப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் அந்தத் தீவின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களும் கறுப்பின மக்களும் இருந்தார்கள். பூர்வகுடிகளில் பலர் கடனில் சிக்கி இந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். பின்னாளில், 1822இல், அப்சலோம் பாஸ்டன் என்ற கறுப்பினத் தலைவர் முழுக்கக் கறுப்பின மாலுமிகளைக் கொண்ட கப்பலோடு அதே தீவிலிருந்து புறப்பட்டார். கடலைப் படித்தவர்கள் இவர்கள். வரைபடத்தில் ஃபோல்கருக்கே அரை இடம்தான் கிடைத்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆயிரம் மாலுமிகள் எழுதியது, ஒருவர் பெயரில்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தை நில அளவை செய்த ஜேம்ஸ் ரென்னல், ஓய்வுக்குப் பிறகு கடலின் பக்கம் திரும்பினார். கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளைத் திரட்டி அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1832இல் வெளியானது. அந்தக் காலத்துக் கம்பெனிக் கப்பல்களில் 'லாஸ்கர்கள்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகளும் வேலை செய்தார்கள். ஐரோப்பிய மாலுமிக்குக் கிடைத்த ஊதியத்தில் ஒரு பங்குதான் அவர்களுக்கு. குறிப்பேட்டில் எழுதும் உரிமை அதிகாரிக்கு, பாய்மரம் ஏறும் கடமை லாஸ்கருக்கு.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபான்டெய்ன் மௌரி இதையே பெரிய அளவில் செய்தார். ஆயிரக்கணக்கான பழைய குறிப்பேடுகளைப் பிரித்துக் காற்றையும் நீரோட்டத்தையும் கட்டம் கட்டமாகத் தொகுத்து, 1847இலிருந்து வரைபடங்கள் வெளியிட்டார். தகவல் அனுப்பும் கப்பல் தலைவர்களுக்கு வரைபடம் இலவசம். 1855இல் வந்த அவருடைய நூல், கடலியலின் முதல் பாடநூல்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது.

இதே மௌரி அடிமை முறையின் ஆதரவாளர். அமெரிக்க அடிமை உடைமையாளர்கள் தங்கள் அடிமைகளோடு அமேசான் பள்ளத்தாக்கில் குடியேற வேண்டும் என்று திட்டம் போட்டவர். 1861இல் கடற்படைப் பதவியை உதறிவிட்டு, அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தார். ரிச்மண்ட் நகரில் 1929இல் வைக்கப்பட்ட அவருடைய சிலை, 2020 ஜூலையில், கறுப்பின மக்களின் போராட்ட அலைக்கு நடுவே அகற்றப்பட்டது. நீரோட்டத்தின் திசையைத் துல்லியமாகப் பார்த்த கண், பக்கத்தில் நின்ற மனிதரை மனிதராகப் பார்க்கவில்லை. அறிவியல் அறிவு தானாகவே ஒருவரைச் சமத்துவவாதி ஆக்கிவிடும் என்று நம்புகிற நம் தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சேலஞ்சர் கப்பலின் கீழ்த்தளம்

1872 டிசம்பரில் பிரிட்டனிலிருந்து புறப்பட்ட எச்.எம்.எஸ். சேலஞ்சர், மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றி 1876 மே மாதம் திரும்பியது. நவீனக் கடலியல் அங்கேதான் பிறந்தது என்பார்கள். கப்பலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 240 பேர். அவர்களில் அறிவியல் குழு, ஓவியரையும் சேர்த்து, 6 பேர் மட்டுமே.

கடலின் ஆழம் பார்ப்பது, அடித்தளத்து மண்ணை அள்ளுவது, வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை எடுப்பது, நீரோட்டம் பார்ப்பது என ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் கணக்கில் கயிறு இறக்கி ஏற்ற வேண்டும். 362 இடங்களில் இது நடந்தது. விஞ்ஞானிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம், மாலுமிகளுக்கு முதுகொடிக்கும் வேலை. 60க்கும் மேற்பட்டவர்கள் துறைமுகங்களில் இறங்கித் தப்பி ஓடினார்கள்.

பயணத்தின் அறிக்கை 50 தொகுதிகளாக, 1895 வரை வெளிவந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தின் குரல் வெளியே வர 1992 ஆயிற்று. கப்பலின் உணவுப்பொருள் கிடங்கில் உதவியாளராக இருந்த ஜோசப் மாட்கின் என்ற இளைஞர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அந்த ஆண்டுதான் நூலாயின. எழுதத் தெரிந்த ஒருவர் கீழ்த்தளத்தில் இருந்ததால் அந்தக் கடிதங்களாவது கிடைத்தன.

தொழில் உருவான கதை

இருபதாம் நூற்றாண்டில் நீரோட்டத்தை அளப்பது கருவிகளின் வேலையானது. ஸ்வீடனைச் சேர்ந்த எக்மன் உருவாக்கிய கருவியில் ஒரு சுழலியும் ஒரு திசைகாட்டிப் பெட்டியும் இருக்கும். கம்பியோடு இறக்கி, மேலிருந்து ஒரு சிறு எடையை நழுவவிட்டால் சுழலி ஓடத் தொடங்கும். சுற்றச் சுற்ற, சிறு வெண்கலக் குண்டுகள் திசைகாட்டியின் வழியே 36 அறைகள் கொண்ட பெட்டியில் விழும். மேலே இழுத்து எந்த அறையில் எத்தனை குண்டு என்று எண்ணினால் திசை தெரியும். ஆடும் கப்பலில், நள்ளிரவில், உறைந்த விரல்களால் அந்தக் குண்டுகளை எண்ணியவர்களும் நீரோட்டத்தை அளந்தவர்கள்தான்.

1955இல் பிரிட்டனின் ஜான் ஸ்வாலோ வேறு வழி கண்டார். கட்டடத்துக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய்களை எடுத்து, காஸ்டிக் சோடாவில் அரித்து எடையைச் சரிசெய்து, குறிப்பிட்ட ஆழத்தில் நின்று நீரோடு போகும் மிதவை செய்தார். அது எழுப்பும் ஒலியைக் கப்பலிலிருந்து கேட்டுப் பின்தொடர வேண்டும். 1957இல் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில் எதிர்த் திசையில் ஓடும் ஆழ்கடல் நீரோட்டத்தை அந்த மிதவைகள் உறுதிசெய்தன. பெரிய கண்டுபிடிப்புக்குப் பட்டறை அறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை.

1960களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் கருவிகளை மாதக்கணக்கில் கடலிலேயே விட்டுவைக்கும் முயற்சி தொடங்கியது. அடியில் நங்கூரம், மேலே மிதவை, இடையே நீண்ட கயிற்றில் கருவிகள். இதை 'மூரிங்' என்கிறார்கள். தொடக்கத்தில் போட்டவற்றில் பல திரும்பவே இல்லை. கயிறு அறுந்தது, இணைப்பு துருப்பிடித்தது. சில கயிறுகளை மீன்களே கடித்திருந்தன. அதனால் மேல்பகுதிக்கு பிளாஸ்டிக் உறையிட்ட இரும்புக் கம்பி வந்தது. நங்கூரத்துக்குப் பழைய ரயில் சக்கரங்கள் வந்தன. இந்தத் திருத்தங்கள் எல்லாம் ஒவ்வொரு தோல்வியையும் கையில் எடுத்து, எங்கே தேய்ந்தது, எங்கே வெட்டுப்பட்டது என்று பார்த்தவர்களால் வந்தவை. 'கடல் தொழில்நுட்பர்' என்ற தனித் தொழில் இப்படித்தான் உருப்பெற்றது. வட கரோலினாவின் கேப் ஃபியர் சமுதாயக் கல்லூரி போன்ற இடங்களில், இரண்டு ஆண்டுப் படிப்பாக, உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளும் சேரக்கூடிய படிப்பாக அது மாறியது.

இன்றைக்கு அந்த வேலை எப்படி இருக்கும்? மூரிங்கைக் கடலில் இறக்கும்போது பெரும்பாலும் மேல் மிதவை முதலில் போகும், நங்கூரம் கடைசியில். நடுவே ஒவ்வொரு கருவியையும் கயிற்றில் மாட்ட வேண்டும். ஒரு ஷேக்கிளில் பூட்டுமுள் போட மறந்தால் ஓராண்டுத் தரவும் பல லட்ச ரூபாய்க் கருவியும் கடலோடு போகும். ஓராண்டு கழித்து வந்து, ஒலிச் சமிக்ஞை அனுப்பி அடியிலுள்ள கொக்கியைத் திறந்து, மேலே வரும் மிதவையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கப்பலின் அடியில் பொருத்தப்படும் ஏ.டி.சி.பி. என்ற கருவியும் உண்டு. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, மிதக்கும் நுண்ணுயிர்கள் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து நீரின் வேகத்தைக் கணக்கிடும். ஆனால் கப்பலே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேகத்தைக் கழிக்க வேண்டும். 10 நாட் வேகத்தில் போகும் கப்பலில், திசைகாட்டி வெறும் 1 டிகிரி தவறினால், இல்லாத ஒரு நீரோட்டம் நொடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகப் பதிவாகும். பல ஆழ்கடல் நீரோட்டங்களின் உண்மை வேகமே அவ்வளவுதான். அந்த 1 டிகிரியைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவரை 'உதவியாளர்' என்று ஒதுக்கலாமா? அவர் செய்வது கை வேலையா, மூளை வேலையா? இந்தக் கேள்விக்கு முன்னால் சாதி கட்டிவைத்த பிரிவினை பல்லிளிக்கிறது.

கடலைத் தீட்டு என்றவர்கள்

இப்போது நம் கரைக்கு வருவோம். கடற்பயணம் செய்தவன் சாதி இழப்பான் என்று பௌதாயன தர்மசூத்திரம் விதித்தது. 1913இல் கணித மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்து அழைப்பு வந்தபோது அவர் முதலில் தயங்கியதற்குச் சாதி ஆசாரமும் ஒரு காரணம். அதே 1913இல்தான் இளைஞர் அம்பேத்கர் கப்பலேறி நியூயார்க் போய் இறங்கினார்.

கடல் தீட்டு என்று அவர்கள் ஒதுங்கி நின்ற காலமெல்லாம் கடலில் இருந்தது யார்? வலை இழுத்த மீனவ மக்கள். நீராவிக் கப்பல்களின் கொதிகலனில் கரி அள்ளிய லாஸ்கர்கள். 1834இலிருந்து மொரீஷியசுக்கும், பின்னர் மற்ற தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட நம் முன்னோர்கள். சென்னைக் கரையின் மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை 'வன்னி' என்றும் பெயர் வைத்து அறிந்திருக்கிறார்கள். இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்குள் திசை மாறுகிறது என்பதைக் கடலியலாளர்கள் கருவிகளோடு விளக்கியது இருபதாம் நூற்றாண்டில்.

1960களின் முதல் பாதியில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. கடற்படையின் ஐ.என்.எஸ். கிஸ்ட்னா அதில் பங்கேற்றது. அதன் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் உருவாகி, கோவாவில் நிலைகொண்டது. 1976இல் கவேஷணி, 1983இல் சாகர் கன்யா என ஆய்வுக் கப்பல்கள் வந்தன. 1993இல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கரணையில் இருக்கிறது, நம்மில் பலர் பேருந்தில் தினம் கடந்து போகிறோம். கடல் இப்போது அரசு வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஆய்வுக் கட்டுரை. தீட்டு எப்போது கழிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை.

அம்பேத்கர் கேட்டது

சட்டம் படித்தவர் என்றே நாம் அம்பேத்கரை அறிவோம். தொழில்நுட்பக் கல்வியை அவர் எவ்வளவு அழுத்தமாகக் கேட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். 1942இல் வைஸ்ராய் லின்லித்கோவுக்குக் கொடுத்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெற அரசு நிதி வேண்டும் என்று வாதிட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் பயிற்சி இடங்கள் வேண்டும் என்றார். 1943இல் மத்தியப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோதுதான், 1945இல், நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம் உருவானது. நம் ஆறுகளில் ஓடும் நீரை இன்று அளக்கும் மத்திய நீர் ஆணையம் அதன் வழிவந்தது. தண்ணீர் தொட உரிமை கேட்டு மகத் குளத்துக்கு 1927இல் நடந்தவர், ஒரு நாட்டின் தண்ணீரை அளக்கும் அமைப்புக்கு அடித்தளம் போட்டார்.

அந்தக் கோரிக்கையை எங்கே கொண்டு போய் நிறுத்தியிருக்கிறோம்? ஒன்றிய அரசின் விதிகளில் ஒரு கதவு இருக்கிறது. 'அ' பிரிவின் தொடக்க நிலைக்கு மேலே உள்ள, ஆய்வு செய்வதற்கும் ஆய்வை வழிநடத்துவதற்குமான அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம். கீழே போகப் போக இடஒதுக்கீடு, மேலே போகப் போக 'தகுதி'. கப்பலின் கீழ்த்தளமும் மேல்தளமும் இப்படித்தான் விதியாக எழுதப்படுகின்றன. இன்னொரு பக்கம், நிரந்தரப் பணி குறைந்து திட்டப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று வேலைகள் துண்டாகின்றன. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிகப் பணிகளுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசின் சொந்த ஆணை. அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஒரு கயிறு, இரண்டு நீதி

இதை எழுதும்போது எங்களால் ஒரு காட்சியை ஒதுக்க முடியவில்லை. ஆய்வுக் கப்பலில் ஒரு கருவியைக் கடலில் இறக்கும் முன் சரிபார்ப்புப் பட்டியல் வாசிக்கிறார்கள். இறக்குபவருக்குத் தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு. கடல் கொந்தளித்தால் வேலை நிறுத்தப்படும். இது சரியானது, இப்படித்தான் இருக்க வேண்டும். சேலஞ்சர் காலத்து மாலுமிகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

அதே நாட்டில், 2013இல் தடைச் சட்டம் வந்த பிறகும், நம் மனிதர்களை மலக்குழிக்குள் கயிறு கட்டி இறக்குகிறார்கள். சரிபார்ப்புப் பட்டியல் இல்லை. பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, பத்தடிக் குழியில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதா? தெரியும். கருவிக்கு விலை இருக்கிறது, அதனால் கணக்கு இருக்கிறது. இறங்குபவருக்குச் சாதி இருக்கிறது, அதனால் கணக்கில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, இந்தத் தொழிலை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடல் ஆய்வுக்குப் போக முனைவர் பட்டம் ஒன்றே வழி என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் வரும் தேசியக் கடலியல் நிறுவனம் போன்றவற்றில் டெக்னீஷியன் பணிக்கு அறிவியல் பாடத்தோடு 10ஆம் வகுப்பும் ஐ.டி.ஐ. சான்றிதழும், தொழில்நுட்ப உதவியாளர் பணிக்குப் பட்டயமோ பி.எஸ்சி. பட்டமோ அடிப்படைத் தகுதி. மின்னணுவியல், ஃபிட்டர், கருவியியல் படித்தவர்களுக்கு இது நேரடி வழி. சென்னையிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கும் சிஃப்நெட் என்ற ஒன்றிய அரசு நிறுவனம் கப்பலோட்டுதலுக்கும் கப்பல் எந்திரங்களுக்கும் பயிற்சி தருகிறது. வாசகர் வட்டம் நடத்தும் தோழர்கள் அறிவிப்புகளைப் பார்த்து, விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். பலருக்குக் கதவு மூடப்படுவது தேர்வில் அல்ல, தகவலில்.

இரண்டாவது, கேளுங்கள். கடல் ஆய்வு நிறுவனங்களில் பதவி வாரியாக, பிரிவு வாரியாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? கப்பலில் ஏறுபவர்களில் எத்தனை பேர்? விலக்கு அளிக்கப்பட்ட பதவிகள் எவை? தகவல் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்.

மூன்றாவது, எழுதிவையுங்கள். நம் தாத்தாக்களில் கப்பலில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், கடல் கடந்து போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மாட்கினின் கடிதங்களைப் போல நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையில் கைபேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கயிறு, என்ன முடிச்சு, யார் அதட்டினார்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள், எவ்வளவு கூலி என்று கேளுங்கள். ஊர், ஆண்டு, கப்பலின் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது இந்தக் கடலின் வரலாற்றை எழுதும்போது, கம்பியைப் பிடித்தவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.